கேட்டுக்கு வெளியே நின்ற வண்டிகள் குறித்து

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவை தனித் தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டப்பட்டுள்ளன. என் வயது ஐம்பத்து மூன்று. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் வெளியூரில் வேலையில் இருக்கிறான். நான் ராணுவ வாகனப் பிரிவில் சிவில் ஊழியராகச் சேர்ந்து, தற்போது ஒப்பந்த மதிப்பீட்டு அலுவலராக இருக்கிறேன். பணிமனை வாசலில் நடந்த விபத்தைப் பற்றியும், அன்று மாலை வண்டி தள்ளப்பட்டதைப் பற்றியும் விசாரணை அதிகாரி கேட்டதற்கு, எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

என் அலுவலக அறை தனியார் கம்பெனியின் பணிமனைக்குள், கேட்டை ஒட்டிய கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. அறையைக் கம்பெனிதான் கொடுத்தது. மேஜை, இரண்டு நாற்காலி, சொட்டுகிற ஏசிக்குக் கீழே ஒரு வாளி. ஜன்னல் ஒன்று. அதைத் திறந்தால் கேட்டும், கேட்டை நோக்கிச் சரிந்து இறங்கும் சாலையும், எதிரே மூடிக் கிடக்கும் சோப்புக் கம்பெனியின் மதிலும், அதன் ஓரத்தில் ஒரு டீக்கடையும் தெரியும். ராணுவத்தின் பழுதான லாரிகளைச் சரிசெய்து தருவது இந்தக் கம்பெனியின் ஒப்பந்தம். அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து, அரை ஆண்டுக்கு ஒரு முறை மதிப்பெண் போடுவது என் வேலை. அந்த மதிப்பெண்ணைப் பொறுத்துத்தான் கம்பெனிக்கு ஊக்கத்தொகை கிடைக்கும்.

ஊக்கத்தொகை எதற்காக என்று அதிகாரி கேட்டார். முன்பெல்லாம் ஒரு வண்டிக்கு இவ்வளவு என்று நிலையான கூலி மட்டுமே இருந்தது. அப்போது பழுதுக்கு வந்த லாரி எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. உள்ளே போன வண்டியின் டயரை இன்னொரு வண்டியில் மாட்டி அனுப்பியதையும் நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு மேலிடத்தில் யோசித்து, வண்டி பணிமனைக்குள் வந்த முப்பது நாளுக்குள் சரியாகித் திரும்பிவிட்டால் அது நல்ல வேலை என்றும், அப்படி நல்ல வேலை எத்தனை சதவீதமோ அதற்கேற்பக் கூடுதல் தொகை என்றும் புதிய ஒப்பந்தம் போட்டார்கள். அதில் ஒரு பகுதியைக் கம்பெனி தன் தொழிலாளர்களுக்குப் போனஸாகக் கொடுத்தது. அந்த முறை பலன் தந்தது என்பதை நான் மறைக்க மாட்டேன். கம்பெனி உதிரி பாகங்களைத் தானே வாங்கிச் சேர்த்து வைத்தது, இரண்டாவது ஷிப்டு போட்டது, வெல்டிங் ஆட்கள்கூட வேலை முடிந்து சிரித்துக்கொண்டு போனார்கள். நன்றாக இருக்கிறது என்று அறிக்கை எழுதியதும் நான்தான்.

அதன் பிறகு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. நன்றாகச் செய்கிறவர்களால் இன்னும் நன்றாகச் செய்ய முடியும் என்று முப்பது நாளை இருபதாக்கினார்கள். அதே சமயம் கியர்பாக்ஸ் பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வருவது தாமதமானது. அது கம்பெனியின் குற்றமல்ல. வேலையை வேகமாக்க முடிந்தவரை வேகமாக்கினார்கள். இனி முடியாது என்ற இடம் வந்ததும் கடிகாரத்தைத் தள்ளி வைத்தார்கள். நாள் கணக்கு, வண்டி கேட்டுக்குள் வந்து வரவுச் சீட்டு போட்ட நேரத்திலிருந்துதான் தொடங்கும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆகவே பாகம் கைக்கு வரும்வரை வண்டியை உள்ளே எடுக்காமல் சாலையிலேயே நிறுத்தினார்கள். முதலில் ஒன்றிரண்டு வண்டி. பிறகு சோப்புக் கம்பெனி மதில் முடியும்வரை வரிசை நின்றது.

பணிமனை மேலாளரைத் தொழிலாளர்கள் அவர் காதில் விழாமல் 'நூத்துக்கு நூறு' என்று அழைப்பார்கள். இனிமையாகப் பேசக்கூடியவர். அவரிடம் நான் இதைப் பற்றிக் கேட்டேன். "மேடம், கேட்டுக்குள்ள வந்த வண்டிக்கு நான் பொறுப்பு. ரோட்டுல நிக்கிற வண்டி ரோட்டோட வண்டி. நீங்க எழுதின ஒப்பந்தம்தானே, நான் எழுதினதா?" என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. அதன் பிறகு நான் மேலிடத்துக்கு, வண்டி தன் முகாமிலிருந்து கிளம்பிய நாளிலிருந்து கணக்கு வைக்க வேண்டும் என்று எழுதினேன். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். முன்பு அனுப்பிய பதிலைப் பார்க்கவும் என்று பதில் வந்தது. மூன்றாவது முறை எழுத எனக்குத் தெம்பில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கேட்டில் வண்டிகளை வரவு வைக்கும் மேற்பார்வையாளர் என் தங்கையின் கணவர். நான் இந்தப் பணிக்கு வந்த அன்றே இதை என் தலைமை அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து, வேறு ஆளைப் போடச் சொன்னேன். வேறு ஆள் இல்லை என்றார். ஆகவே நான் போடும் மதிப்பெண்ணில் என் தங்கை வீட்டுப் போனஸும் சேர்ந்திருந்தது. இதை வைத்து என் சாட்சியத்தை நம்பக் கூடாது என்று கம்பெனி வக்கீல் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். சொல்லட்டும்.

வண்டியோடு வரும் ராணுவ ஓட்டுநர், வரவுச் சீட்டு கையில் வாங்காமல் வண்டியை விட்டு நகரக் கூடாது என்பது உத்தரவு. அதனால் அவர்கள் அந்தச் சாலையிலேயே குடித்தனம் நடத்தினார்கள். கேபினில் தூங்கி, பணிமனைச் சுவரோரக் குழாயில் குளித்து, இரண்டு லாரிகளுக்கு நடுவே கயிறு கட்டி யூனிபார்மைக் காயப் போட்டார்கள். டீக்கடை அம்மா தன் வீட்டுக் கழிப்பறைச் சாவியை ஆணியில் மாட்டி வைத்திருந்தார். "பட்டாளத்துல சேர்ந்தா எல்லையில நிப்பாங்கன்னு நினைச்சேன். இவங்க என் கடையிலயே நிக்கிறாங்க" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

விபத்தில் சிக்கிய ஓட்டுநரை மற்றவர்கள் 'புதுமாப்பிள்ளை' என்று கூப்பிடுவார்கள். கல்யாணம் முடிந்து சில மாதமே ஆகியிருந்தது. மதிலோரம் நின்று மணிக்கணக்கில் போன் பேசுவார். கியர்பாக்ஸ் போன ஒரு லாரியை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். வரிசையின் கடைசியில் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கேட்டுக்கு முதல் ஆளாக வந்துவிட்டார். அதற்குள் அவருக்கு அனுமதித்திருந்த விடுமுறை தொடங்கிவிட்டது. ஒரு நாள் மாடிப்படி ஏறி என் அறை வாசலில் நின்றார்.

"அம்மா, என் வண்டிக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரில பெட் கிடைக்கல, அட்மிஷனுக்கு நிக்கிறேன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன். அவ எத்தனை நாளைக்குத்தான் நம்புவா? எப்ப உள்ள எடுப்பாங்கன்னு மட்டும் சொன்னீங்கன்னா போதும்."

நான் அவரை உட்காரச் சொன்னேன். சட்டையில் கிரீஸ் இருக்கிறது, நாற்காலி பாழாகிவிடும் என்று நின்றபடியே பேசினார். அதன் பிறகு நான் கீழே இறங்கி, கேட் அறையில் இருந்த என் தங்கை கணவரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் முத்திரை மைப்பெட்டியை மூடித் திறந்துகொண்டே, "அக்கா, உள்ள நிறுத்த இடம் இருக்கு. எடுக்கத்தான் அனுமதி இல்ல. பார்ட்ஸ் வந்தாத்தான் கேட்டைத் திறக்கணும்னு நூத்துக்கு நூறு சொல்லியிருக்காரு" என்றார். நான் மேலே வந்து, அடுத்த வாரம் எடுப்பார்கள் போலிருக்கிறது என்று அந்த ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் சல்யூட் அடித்துவிட்டுப் போனார். எனக்கு சல்யூட் அடிக்கத் தேவையில்லை என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.

விபத்து நடந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. ஏசி சொட்டுவதோடு ஜன்னல் வழியாகவும் தண்ணீர் வரும் என்பதால் ஜன்னலைச் சாத்தப் போனேன். அப்போது புதுமாப்பிள்ளை, தன் லாரிக்கும் பின்னால் நின்ற லாரிக்கும் நடுவே கட்டியிருந்த கயிற்றிலிருந்து துணிகளை உருவிக்கொண்டிருந்தார். பின்னால் நின்றதும் பெரிய லாரி. கைபிரேக் பிடிக்காததுதான் அதன் பழுது. சக்கரத்துக்கு முன்னால் கல் வைத்துத்தான் நிறுத்தியிருந்தார்கள். சாலை கேட்டை நோக்கிச் சரிவு. மண் கரைந்து கல் வழுக்கியது. லாரி சத்தமில்லாமல் இறங்கியது. நான் கத்தினேனா என்று அதிகாரி கேட்டார். கத்தினேன் என்று டீக்கடை அம்மா சொல்கிறார். எனக்கு நினைவில்லை. புதுமாப்பிள்ளை கையில் ஒரு சட்டையை வைத்திருந்தார், அதை விடவேயில்லை என்பது நினைவிருக்கிறது.

இரண்டு பம்பருக்கும் நடுவில் அவருடைய வலது கால் தொடைக்குக் கீழே சிக்கிக்கொண்டது. நான் கீழே ஓடி வருவதற்குள் மற்ற ஓட்டுநர்கள் பின் லாரியை முதுகு கொடுத்துத் தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை. முன் லாரியைக் கேட் பக்கமாக இழுத்தால்தான் காலை எடுக்க முடியும், அதற்கு இழுவை வண்டி வேண்டும். அது கேட்டுக்கு உள்ளே நின்றது. காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். "சார், அது வெளிய போனா இன்சூரன்ஸ் இல்ல. மேனேஜர் வரட்டும். என் வேலை போயிடும்" என்று என் தங்கை கணவரிடம் சொன்னார். மேலாளர் அப்போது ஒரு கூட்டத்தில் இருந்தார், போனை எடுக்கவில்லை.

என் தங்கை கணவர், "உன் வேலை போகாது. நான் எடுத்தேன்னு சொல்லு" என்று சொல்லி, சாவியை ஆணியிலிருந்து தானே எடுத்து, கேட்டையும் தானே தள்ளித் திறந்து, இழுவை வண்டியை வெளியே கொண்டுவந்தார். பத்து வருடமாக அந்தக் கேட்டில் இருந்தும், உத்தரவில்லாமல் அவர் அதைத் திறந்ததை நான் பார்த்ததில்லை. முதலில் பின் லாரிக்குக் கட்டைகளை அடித்து நிறுத்தினார்கள். அதன் பிறகு முன் லாரிக்குச் சங்கிலி மாட்டி மெதுவாக இழுத்தார்கள். ஓட்டுநரை எடுத்துப் படுக்க வைத்தபோது நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். "வண்டி, வண்டி" என்று இரண்டு தடவை சொன்னார். கம்பெனி நர்ஸம்மா ஓடி வந்து காலை இறுக்கிக் கட்டினார். அவர் கட்டியிருக்காவிட்டால் உயிரே தங்கியிருக்காது என்று பிறகு டாக்டர் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

இனி நான் சொல்வதுதான் அதிகாரி முக்கியமாகக் கேட்டது. முன் லாரியை இழுத்ததில் அதன் முன்சக்கரங்கள் இரண்டும் கேட் ஓடும் தண்டவாளத்தைத் தாண்டி உள்ளே வந்து நின்றன. வண்டி பாதி உள்ளே, பாதி வெளியே. மழை விட்ட பிறகு மேலாளர் வந்தார். தரையைப் பார்த்தார். தண்ணீர் ஊற்றச் சொன்னார். பிறகு லாரியைப் பார்த்து, "இது என்ன உள்ள நிக்குது?" என்று கேட்டார். நடந்ததை என் தங்கை கணவர் சொன்னார். "உள்ள வந்தா வரவு போடணும். பார்ட்ஸ் இன்னும் கப்பல்ல இருக்கு. வெளிய தள்ளுங்க" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "சார், போலீஸ் வர்ற வரைக்கும் தொடக் கூடாது" என்றேன். "மேடம், கேட்டை மூடாம எப்படி விட முடியும்? பாதுகாப்பு விஷயம்" என்றார். இழுவை வண்டி முன்னாலிருந்து முட்ட, பதினைந்து பேர் சேர்ந்து லாரியைச் சாலைக்குத் தள்ளினார்கள். சற்று முன் அந்த ஓட்டுநரின் காலை விடுவிக்கத் தள்ளிய அதே ஆட்கள்தான். அதற்குப் பிறகுதான் போலீஸ் வந்தது. லாரி இருந்த இடத்தை விட்டு நகரவேயில்லை என்றும், கம்பெனி எல்லைக்குள் எதுவும் நடக்கவில்லை என்றும் கம்பெனி எழுதிக் கொடுத்திருப்பது பொய். இரண்டு லாரிகளையும் போலீஸ் அந்த இடத்திலேயே கைப்பற்றி நாடா சுற்றி நிறுத்தியது.

அதன் பிறகு, அனுமதியின்றி கம்பெனி வண்டியை வெளியே எடுத்ததற்காக என் தங்கை கணவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அந்த வாரம் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, வண்டியைத் தள்ளினதை மட்டும் நீ சொல்லாம இருந்தா இவரைத் திரும்ப எடுத்துக்குவாங்களாம். மேனேஜர் ஆள் விட்டுச் சொல்றார். சின்னவளுக்குக் காலேஜ் சேர்க்கணும், உனக்குத் தெரியாததில்ல."

"அவர் என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"அவர் எங்க பேசுறாரு? சாப்பிட உக்காந்தா தட்டையே பாத்துக்கிட்டு இருக்காரு. துணி காயப் போட்டா, மாடியில போடாதேன்னு எடுத்துட்டு வந்துடுறாரு."

சாப்பிடச் சொன்னேன், மாட்டேன் என்று போய்விட்டாள். மறுநாள் அவரே போன் செய்தார். "அக்கா, அவ வந்தது எனக்குத் தெரியாது. பாத்ததைச் சொல்லுங்க. திரும்ப எடுத்தாலும் அந்தக் கேட்ல என்னால உக்கார முடியாது" என்றார். அவ்வளவுதான் பேசினார். தங்கை இன்றுவரை என்னோடு பேசவில்லை.

அதன் பிறகு அரை ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டம் வந்தது. உள்ளே எடுத்த வண்டிகளில் ஒன்றைத் தவிர எல்லாம் குறித்த நாளுக்குள் திரும்பியிருந்தன. அந்தக் கணக்கில் தவறில்லை, ஆகவே அதற்குரிய மதிப்பெண்ணை நான் முழுதாகவே போட்டேன். 'ஒத்துழைப்பு' என்று பத்து மதிப்பெண் எங்கள் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. அதில் பூஜ்யம் போட்டுக் காரணத்தையும் எழுதினேன். கூட்டத்தின் தலைவரான ராணுவ அதிகாரி அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். கெட்டவர் அல்ல. அவரும் வாரத்துக்கு இப்படி நான்கு ஒப்பந்தம் பார்க்கிறவர்.

"அம்மா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா ஒப்பந்தத்துல ரோடுங்கிற வார்த்தையே இல்ல. பூஜ்யம் போட்டா கம்பெனிக்காரன் கோர்ட்டுக்குப் போவான். ஜெயிப்பான்."

"சார், அப்ப நாம எதுக்குக் காசு குடுத்தோம்?"

"நாள் குறையணும்னு குடுத்தோம். குறைஞ்சிருக்கே."

பூஜ்யம் எட்டாக மாற்றப்பட்டது. நான் கையெழுத்துப் போட மறுத்தேன். மூன்று உறுப்பினரில் இருவர் கையெழுத்தே போதும் என்று விதி இருந்தது. ஊக்கத்தொகை முழுவதும் வழங்கப்பட்டது.

அதன் பிறகு, கம்பெனி அழைக்கும்வரை எந்த முகாமும் பழுதான வண்டியை அனுப்பக் கூடாது என்று சுற்றறிக்கை போனது. வரிசை ஒரே வாரத்தில் கலைந்தது. சாலையைப் பார்வையிட வந்த பெரிய அதிகாரி, இப்போது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று மேலாளரிடம் கை குலுக்கினார். வண்டிகள் சரியாகிவிடவில்லை. அவரவர் முகாமில், நம் கண்ணில் படாத இடத்தில் நிற்கின்றன. அங்கே எத்தனை நிற்கின்றன என்று எண்ணுவது என் வேலையில் சேர்க்கப்படவில்லை. இந்த முறை பலன் தருகிறதா என்று விசாரணை அதிகாரி என் கருத்தைக் கேட்டார். எதை அளந்து காசு கொடுத்தோமோ அது கிடைத்தது. லாரி வேண்டும் என்று யாரும் எழுதவில்லை, நாள் குறைய வேண்டும் என்று எழுதினோம். இதற்கு மேல் எனக்குக் கருத்தில்லை.

கடந்த வாரம் ராணுவ மருத்துவமனைக்குப் போய் அந்த ஓட்டுநரைப் பார்த்தேன். நீண்ட வார்டு, ஜன்னலோரக் கட்டில். வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சின்னப் பெண். நான் யாரென்று கணவர் சொன்னதும் எழுந்து ஸ்டூலைக் கொடுத்தார். விபத்து நடந்த இடம் பணியிடமா, பொதுச் சாலையா என்று முடிவாகாததால் இழப்பீட்டுக் கோப்பு நிற்கிறது என்றும், ராணுவம் கம்பெனியைக் கேள் என்கிறது, கம்பெனி நகராட்சியைக் கேள் என்கிறது என்றும் அந்தப் பெண்தான் சொன்னார். சொல்லும்போது குரல் உயரவில்லை. பல பேரிடம் சொல்லிப் பழகிய குரல்.

அவர் மனைவி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், ஓட்டுநர் என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"அம்மா, என் வண்டியை உள்ள எடுத்துட்டாங்களா? சீட்டு வாங்காம வந்துட்டேன். முகாம்ல என் பேர்லதான் இருக்கு. எவனாவது சாமானைக் கழட்டிட்டா என் தலையில வரும்."

அந்த லாரி அன்றைக்கும் கேட்டுக்கு வெளியேதான் நின்றது. நாடா அறுந்து தொங்குகிறது. ஒரு பக்கத்து டயரில் காற்றில்லை. கைப்பற்றிய பொருள் என்பதால் போலீஸ் விடாது, வரவு வைக்காத வண்டி என்பதால் கம்பெனி எடுக்காது, அனுப்பிவிட்ட வண்டி என்பதால் முகாம் கேட்காது.

"எடுத்துட்டாங்க தம்பி. சீட்டு என்கிட்ட இருக்கு" என்றேன்.

அவர் தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினார். நான் அங்கிருந்து கிளம்பி நேராகக் காவல் நிலையம் வந்து, வாக்குமூலம் கொடுக்க நாள் கேட்டேன். இன்று கொடுக்கிறேன்.

இதில் உள்ளதை யாரும் சொல்லிக் கொடுத்து நான் சொல்லவில்லை, யாருக்கும் பயந்து எதையும் விடவுமில்லை. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. அந்தப் பையனிடம் கடைசியாகச் சொன்ன பதிலைத் தவிர மற்றவை அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
சாட்சி, ஒப்பந்த மதிப்பீட்டு அலுவலர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
விசாரணை அதிகாரி